கைத்துப்பாக்கித் தோட்டாவில் ஒரு கார்பைன்: பார்த்து வாங்கும் வழி

அமெரிக்காவில் சுடுதளத்துக்கு முதல்முறை போகிறவர்களில் பலர் வாடகைக்கு எடுப்பது 9 எம்எம் கைத்துப்பாக்கி. ஏழு கெஜ தூரத்தில் தொங்கும் காகித இலக்கில்கூடக் குண்டுகள் திசைக்கொன்றாகச் சிதறும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன் குறிமுனைக்கும் பின் குறிமுனைக்கும் நடுவே ஏறத்தாழ ஆறு அங்குலந்தான் இடைவெளி. துப்பாக்கியைத் தாங்குவது நீட்டிய இரண்டு கைகள் மட்டும். விசையை இழுக்கும் விரல் துளி பிசகினாலும் அந்தப் பிசகு இலக்கில் பெரிதாகத் தெரிந்துவிடும். அதே தோட்டாவை அதே ஆள் கார்பைனில் போட்டுச் சுட்டால் கதை மாறுகிறது. தோளும் கன்னமும் இரு கைகளும் சேர்ந்து தாங்குவதால், 25 கெஜத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் குண்டுக்கூட்டம் முதல் நாளிலேயே பலருக்கும் கைகூடும்.

கைத்துப்பாக்கிக்கென உருவான தோட்டாவைச் சுடும் குட்டை ரைஃபிள்தான் இந்த வகைக் கார்பைன். யோசனை பழையது. வின்செஸ்டர் 1873 ரைஃபிளுக்கு உருவான .44-40 தோட்டாவுக்கே 1878 முதல் கோல்ட் நிறுவனம் ரிவால்வரும் செய்து விற்றது. இடுப்பில் ஒன்று, குதிரைச் சேணத்தில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே தோட்டா. இன்று அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் 9 எம்எம். ஆஸ்திரியரான கியோர்க் லூகர் 1902 வாக்கில் வடிவமைத்த இத்தோட்டாதான் இப்போது கடைகளில் மிக எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் கைத்துப்பாக்கித் தோட்டா.

கடைக்குப் போகுமுன் சட்டம். தமிழ் வாசகர்களில் கணிசமானோருக்கு இந்த அத்தியாயத்தின் முக்கியமான பத்தி இதுவாகவே இருக்கும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. வாங்கினால்தான் குற்றம், சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டால் பரவாயில்லை என்று நினைப்பது தவறு. வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடித்தாலும் சட்டத்தின் பார்வையில் அது கைவசம்தான். ஊரிலிருந்து வந்த அப்பாவையும் மாமனாரையும் ஆசைக்கு ஒருமுறை சுட அழைத்துப்போகும் குடும்பங்கள் இதை அறிந்தே ஆக வேண்டும். மீறினால் அது கூட்டாட்சிக் குற்றம், குடியேற்ற விண்ணப்பத்தையும் அது சேர்த்தே கெடுக்கும். பச்சை அட்டை பெற்றவருக்கு இந்தத் தடை கிடையாது. ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் சுடுதளத்துக்குப் போவது நல்லது.

தடையில்லாதவர் உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்புகிறார், பின்னணிச் சரிபார்ப்பு நடக்கிறது. கார்பைன் ரைஃபிள் வகையில் சேர்வதால், கடையில் வாங்கக் கூட்டாட்சிச் சட்டம் கேட்கும் வயது 18. கைத்துப்பாக்கிக்கு 21. குழல் குறைந்தது 16 அங்குலமும் மொத்த நீளம் குறைந்தது 26 அங்குலமும் இருக்க வேண்டும். இதைவிடக் குட்டையான ரைஃபிளுக்கு 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி தனிப்பதிவு தேவை. கடையில் காணும் கார்பைன் குழல்கள் எல்லாம் 16 அங்குலத்தைச் சற்றே தாண்டி நிற்பதற்கு இதுவே காரணம். 9 எம்எம் தோட்டாவின் மருந்து அதற்கு வெகு முன்பே எரிந்து தீர்ந்துவிடும்.

இதற்கு மேல் மாநிலச் சட்டங்கள். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்களில் மேகசின் பத்துத் தோட்டாவைத் தாண்டக் கூடாது. கழற்றி மாட்டும் மேகசினோடு பிஸ்டல் பிடியோ மடங்கும் பின்கட்டையோ சேர்ந்துவிட்டால் கலிபோர்னியாவில் அது தடைசெய்யப்பட்ட ரகமாகிவிடும். டெக்சஸ் நண்பர் பரிந்துரைத்த அதே மாடலை ஃப்ரீமாண்ட்காரர் வாங்க முடியாமல் போவது இதனால்தான். கனடாவில் 2020 மே மாதம் வந்த ஆணை பெரெட்டா சிஎக்ஸ்4 ஸ்டார்ம் உள்ளிட்ட பல கார்பைன்களைத் தடை செய்தது. பிரிட்டனில் .22ஐத் தாண்டிய தானியங்கி ஏற்ற ரைஃபிள்கள் 1988 முதல் இல்லை. ஆனால் கைத்துப்பாக்கித் தோட்டாவில் லீவர் இழுத்துச் சுடும் ரைஃபிள் அங்கே 'கேலரி ரைஃபிள்' என்ற பெயரில் தனிப் போட்டிப் பிரிவாகவே வளர்ந்திருக்கிறது.

சட்டம் தெளிந்த பிறகு, எங்கே சுடப்போகிறோம் என்ற கேள்வி. அமெரிக்கப் புறநகர்களின் உள்ளரங்கச் சுடுதளங்கள் பலவற்றில் குண்டுகளைத் தாங்கும் பின்சுவர் கைத்துப்பாக்கி வேகத்துக்கென்றே கட்டப்பட்டது. ஏஆர்-15 போன்ற ரைஃபிளை அங்கே அனுமதிக்க மாட்டார்கள், 9 எம்எம் கார்பைனை அனுமதிப்பார்கள். பனிக்காலத்தில் சிகாகோவிலோ மினியாபொலிஸிலோ வாழ்பவருக்கு இது ஒன்றே கார்பைன் வாங்கப் போதுமான காரணம். எஃகுத் தகடுகள் உள்ள திறந்தவெளித் தளங்களிலும் நிலைமை இதுதான். ரைஃபிள் குண்டு பட்டால் குழி விழும் தகட்டில் 9 எம்எம் குண்டு 'டங்' என்ற ஓசையோடு நொறுங்கிவிடும். அந்த ஓசைக்காகவே வாரம் தவறாமல் வருகிறவர்கள் உண்டு. தகட்டுக்கும் சுடுபவருக்கும் குறைந்தது பத்து கெஜமாவது இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. குண்டுச் சிதறல் பின்னால் தெறிப்பதால் கண்ணாடி இல்லாமல் நிற்கவே கூடாது.

இனிதான் தேர்வு. இங்கே பலரும் துப்பாக்கியின் தோற்றத்திலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் மேகசின்.

கார்பைனின் நம்பகத்தன்மையில் பாதி மேகசினைப் பொறுத்தது. தோட்டா ஒழுங்காக ஏறாமல் சிக்கும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியதும் அதைத்தான். ஒரு நாள் பொழுதைச் சுடுதளத்தில் கழிக்க ஐந்தாறு மேகசின்களாவது வேண்டும், இல்லையென்றால் சுடும் நேரத்தைவிட நிரப்பும் நேரம் அதிகமாகும். ஒரு நிறுவனத்தின் கார்பைனுக்கு மட்டுமே பொருந்தும் மேகசின் ஒவ்வொன்றும் 50, 60 டாலர் என்றால், கணக்கு எங்கே போய் நிற்கும் என்பது வாங்குமுன்பே தெரிந்திருக்க வேண்டும். க்ளாக் மேகசின் ஏற்கும் கார்பைன்கள் இத்தனை பெருகியிருப்பதன் ரகசியம் இதுதான். அது எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது, பல நிறுவனங்கள் செய்வதால் விலையும் குறைவு. வீட்டில் ஏற்கெனவே ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் அதன் மேகசினையே ஏற்கும் கார்பைனைத் தேடுவது சிக்கனம். க்ளாக் மேகசினுக்கு ஒரு குறையும் உண்டு. இரு வரிசையாக அடுக்கிய தோட்டாக்கள் மேலே ஒற்றை வரிசையாகக் குறுகி வெளிவருவதால், கடைசிச் சில தோட்டாக்களைத் திணிக்கும்போது கட்டைவிரல் நோகும். சிக் எம்பிஎக்ஸ், சிஇசட் ஸ்கார்பியன் ஆகியவற்றின் மேகசின்கள் மேல்வரை இரு வரிசையாகவே இருப்பதால் நிரப்புவது எளிது. நிரப்ப உதவும் சிறு கருவி ஒன்றை வாங்கிக்கொண்டால் க்ளாக் மேகசினின் தொல்லையும் பெருமளவு தீரும்.

அடுத்தது, வெளியே தெரியாத ஒன்று: போல்ட் எப்படி இயங்குகிறது என்பது. பெரும்பாலான கார்பைன்கள் 'ப்ளோபேக்' முறையில் இயங்குகின்றன. சுடும் நொடியில் தோட்டா அறையை மூடி நிற்கும் போல்ட்டை எதுவும் பூட்டி வைப்பதில்லை. அதன் எடையும் பின்னாலுள்ள சுருள்வில்லும் மட்டுமே தடுத்து நிற்கின்றன. வாயுவின் அழுத்தம் தணியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டுமானால் போல்ட் கனமாக இருந்தாக வேண்டும். அந்தக் கனமான இரும்பு பின்னால் ஓடி மோதி, மறுபடி முன்னால் பாய்ந்து மோதும். 9 எம்எம்மில் உதைப்பு அதிகமிருக்காது என்று நம்பி வாங்கியவர், இதைவிட வலிமையான தோட்டாவைச் சுடும் ஏஆர்-15 மென்மையாக இருக்கிறதே என்று வியப்பது இதனால்தான். ஏஆர்-15இன் போல்ட் சுடும்போது பூட்டப்பட்டு, பின்பு வாயுவால் திறக்கப்படுகிறது. அதனால் இத்தனை கனமான இரும்பு அதற்குத் தேவையில்லை. ப்ளோபேக்கின் உதைப்பு தோளை நோகச் செய்யாது. ஆனால் குறி துள்ளும், வேகமாக அடுத்த குண்டைச் சுடும்போது அது தெரியும். எளிமையும் மலிவும் உடைவதற்குப் பாகங்கள் குறைவு என்பதும் அதன் பலங்கள்.

இந்த மோதலைத் தணிக்க ஒவ்வொருவர் ஒவ்வொரு வழி கண்டார்கள். ஹெக்லர் அண்ட் கோக்கின் எம்பி5 குடும்பத்தில் இரு உருளைகள் போல்ட்டைத் தாமதப்படுத்துகின்றன. சிஎம்எம்ஜி நிறுவனம் போல்ட் சற்றே சுழன்று திறக்கும்படி செய்தது. சிக் எம்பிஎக்ஸ் வாயு பிஸ்டனும் சுழன்று பூட்டும் போல்ட்டும் கொண்டது, சுடவே மெத்தென்று இருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும், சுத்தம் செய்யும் வேலையும் கூடும். வார இறுதியில் இரண்டு மணி நேரம் தகடு சுடுபவருக்கு இத்தனை செலவு தேவையில்லை என்பது இந்நூலின் கருத்து. போட்டியில் இறங்கப்போகிறவருக்கு மட்டும் வேறு கணக்கு. அமெரிக்காவின் யுஎஸ்பிஎஸ்ஏ அமைப்பு 2016இல் இவ்வகைக் கார்பைனுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியதிலிருந்து போட்டிக் கார்பைன் ஒரு தனிச் சந்தையாகிவிட்டது. புதியவருக்கு அதன் 'ஸ்டீல் சேலஞ்ச்' போட்டிகள் நல்ல வாசல். ஓடவோ பாயவோ வேண்டாம். நின்ற இடத்திலிருந்து ஐந்து தகடுகளை எவ்வளவு விரைவாக அடிக்கிறோம் என்பதே போட்டி.

நடைமுறைக்கு வந்தால், பெரும்பாலானவருக்கு முதலில் காட்டத் தகுந்தது ரூகர் பிசி கார்பைன். 2017 டிசம்பர் கடைசியில் வெளிவந்தபோது அதன் பட்டியல் விலை 649 டாலர். இதுவும் ப்ளோபேக்தான். ஆனால் போல்ட்டுக்குள் அசையும் டங்ஸ்டன் எடை ஒன்று மோதலைத் தணிக்கிறது. மேகசின் பொருந்தும் பகுதியைக் கழற்றி மாற்றினால் ரூகர் மேகசினும் போகும், க்ளாக் மேகசினும் போகும். போல்ட் பிடியையும் மேகசின் பொத்தானையும் இடப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இடக்கையருக்கும் உகந்தது. குழல் தனியாகக் கழன்று சின்னப் பையில் அடங்கும். பத்துத் தோட்டா மேகசினோடு, சாதாரணப் பின்கட்டையோடு கட்டுப்பாடு மிகுந்த மாநிலங்களுக்கு ஏற்ற வடிவமும் உண்டு. குறை அதன் எடை. ஏறத்தாழ ஏழு பவுண்டு, அதாவது மூன்று கிலோவுக்கு மேல். மெலிந்த தோள்காரர் கடையில் ஒரு நிமிடம் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தோளில் வைத்திருந்து பார்க்க வேண்டும்.

எடை தாங்காதவரின் கண் தானாகவே கெல்டெக் சப்-2000 பக்கம் போகும். நான்கு பவுண்டு அளவிலான எடை, நடுவில் மடித்தால் முதுகுப்பையில் அடங்கும். 2001 முதல் விற்பனையில் இருக்கிறது. ஆனால் லேசான துப்பாக்கியில் ப்ளோபேக் மோதல் முழுவதும் கன்னத்துக்கு வந்து சேரும். நூறு தோட்டா சுட்ட பிறகு கன்ன எலும்பு கணகணக்கிறது என்பது பழைய மாடல்கள்மீது பரவலாகச் சொல்லப்படும் குறை. பழையவற்றில் குழல் பின்னோக்கி மடிவதால் மேலே ரெட் டாட் எனும் செம்புள்ளிக் குறிநோக்கியைப் பொருத்தினால் மடிக்க முடியாது. 2023இல் வந்த மூன்றாம் தலைமுறையில் முன்பிடியைச் சுழற்றும் வசதி அந்தச் சிக்கலைத் தீர்த்தது. அதே ஆண்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த எம்&பி எஃப்பிசி பக்கவாட்டில் மடிகிறது. குறிநோக்கி அசையாமல் அப்படியே இருக்கும், கூடுதல் மேகசின் இரண்டைப் பின்கட்டையிலேயே செருகி வைக்கலாம். மடிக்கும் வசதி உண்மையில் தேவைப்படுகிறவர் அடுக்குமாடியில் வசிப்பவர், சிறு காரில் போகிறவர். மற்றவருக்கு அது கடையில் காட்டி மகிழும் வித்தையாகவே நின்றுவிடும்.

மரக்கட்டையும் பழைய வேட்டை ரைஃபிளின் சாயலும் பிடிக்கும் என்றால் ஹென்றியின் ஹோம்ஸ்டெடர் இருக்கிறது. வால்நட் கட்டையோடு 2023இல் வந்த 9 எம்எம். செலவைக் குறைக்க வேண்டியவருக்கு ஒஹாயோவின் ஹை-பாயிண்ட். கரடுமுரடாகத் தோன்றும், கனமாக இருக்கும், பத்துத் தோட்டா மேகசினோடு வரும், ஆனால் சுடும். கைமாறும் துப்பாக்கிகளில் 1985 முதல் 1999 வரை மார்லின் செய்த கேம்ப் கார்பைனுக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. அதை வாங்குபவர் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தணிப்பானைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வயதாகிப் பொடிந்துபோன தணிப்பானோடு சுட்டால் மரக்கட்டை விரிசல் விடும்.

தானியங்கி ஏற்றம் வேண்டாம் என்பவருக்கு, அல்லது மாநிலச் சட்டத்தோடு மல்லுக்கட்ட விரும்பாதவருக்கு, .357 மேக்னமில் ஒரு லீவர் ரைஃபிள். மார்லின் 1894, ஹென்றி பிக் பாய் போன்றவை. இவற்றில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம், உதைப்பு இருப்பதே தெரியாது. சுட்டு முடித்த பித்தளை உறைகள் காற்றில் பறந்து அடுத்தவர் கழுத்துக்குள் விழுவதில்லை. லீவரை இழுத்து, மூச்சை நிதானப்படுத்தி, மறுபடி சுடும் அந்தத் தாளத்தில் பழகும் பிள்ளைகளும் புதியவர்களும் தோட்டாவை வீணாக்காமல் கற்கிறார்கள். தோட்டா விலை 9 எம்எம்மைவிடக் கூடுதல் என்பதுதான் தடை.

மற்ற அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். .45 ஏசிபி தோட்டா சுமார் இரு மடங்கு விலை, பொழுதுபோக்குக்கு அதில் கூடுதல் பயன் இல்லை. 10 எம்எம் வேட்டைக்காரர்களுக்கு. .40 வைத்திருப்பவர் அதிலேயே தொடரலாம், புதிதாக அதில் இறங்கக் காரணமில்லை. பணமே முதல் கவலை என்றால் கைத்துப்பாக்கித் தோட்டாக் கார்பைனையே விட்டுவிட்டு, 1964 முதல் வந்துகொண்டிருக்கும் ரூகர் 10/22 போன்ற .22 ரைஃபிள் வாங்குவதுதான் நேர்மையான ஆலோசனை.

குழல் நீளத்தால் 9 எம்எம் எவ்வளவு மாறுகிறது என்ற கேள்வி கடைகளில் ஓயாமல் எழும். 115 கிரெயின் எடைக் குண்டு கைத்துப்பாக்கியிலிருந்து வினாடிக்கு 1150 அடி அளவில் போகும். 16 அங்குலக் குழலில் 1300 அடியை ஒட்டிப் போகும். கூடுவது அவ்வளவுதான், அது ரைஃபிள் தோட்டா ஆகிவிடாது. 25 கெஜத்தில் குறியைச் சரிசெய்தால் 75 கெஜம் வரை ஏறத்தாழ ஓர் அங்குல வித்தியாசத்துக்குள் போகும். 100 கெஜத்தில் நான்கைந்து அங்குலம் இறங்கிவிடும். 147 கிரெயின் குண்டு கனமும் மந்தமுமானது. ஒலியின் வேகத்துக்குக் கீழேயே போவதால் வெடிப்பில் அந்தக் கூர்மையான சாட்டையொலி இருக்காது.

குறிநோக்கியாக ஒரு ரெட் டாட் போதும். 200 கெஜத்துக்கான பெரிய தொலைநோக்கியை இதன்மேல் ஏற்றுவது பணவிரயம். ஒன்றை மட்டும் புதியவர் அறிந்திருக்க வேண்டும். ரெட் டாட் குழலுக்கு இரண்டு அங்குலம் மேலே இருப்பதால், ஐந்து கெஜ தூரத்தில் சுடும்போது குண்டு புள்ளிக்கு ஒன்றரை அங்குலம் கீழே விழும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று திருகைத் திருகத் தொடங்குபவர் 25 கெஜத்தில் சரியாக இருந்ததையும் குலைத்துவிடுவார்.

பாதுகாப்பில் கைத்துப்பாக்கிக்கும் இதற்கும் சில வேறுபாடுகள் உண்டு. குழல் நீளமானதால் திரும்பும்போது அது பக்கத்திலிருப்பவரை நோக்கிப் போய்விடுவது எளிது. துப்பாக்கியைப் பெஞ்சில் வைத்துவிட்டுத்தான் ஆள் திரும்ப வேண்டும். சுடாதபோது தோட்டா அறை காலி என்று காட்டும் வண்ணக் கொடியைச் செருகி வைக்க வேண்டும், பல தளங்களில் அது கட்டாயம். வழக்கமான வெடிக்குப் பதில் 'பொட்' என்று மெலிந்த ஓசை வந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். மருந்து குறைந்த தோட்டாவின் குண்டு நீளக் குழலுக்குள்ளேயே சிக்கி நின்றிருக்கலாம், அடுத்த குண்டு அதன்மீது மோதினால் குழல் வெடிக்கும். உள்ளரங்கில் காதுக்குள் செருகும் அடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் இரண்டுமே வேண்டும், ஏனென்றால் இந்த ஓசை காதைக் காயப்படுத்தும் 140 டெசிபெல் எல்லையைத் தாண்டியது. வெளியே வந்ததும் சாப்பாட்டைத் தொடுமுன் சோப்பால் கை கழுவ வேண்டும், கையில் ஈயம் படிந்திருக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டுப் பெட்டிக்கான பணத்தைத் துப்பாக்கியின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சுடுதளத்துக்கென்று ஒரு பையைத் தனியாக ஒதுக்கி, அதை வேறெதற்கும் எடுக்காமல் இருப்பதும் முக்கியம். பையின் மூலையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா சென்னை விமான நிலையத்தின் ஸ்கேனரில் தெரிந்தால் இந்திய ஆயுதச் சட்டம் 1959 பாயும். அதிலும் 9 எம்எம் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு.

வாங்குமுன் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. இரண்டு மாடல்களை ஒரே நாளில், ஒரே தோட்டாவில், குறைந்தது ஐம்பது ஐம்பது சுட வேண்டும். முதல் பத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். நாற்பதுக்கு மேல்தான் கன்னம் எங்கே அடிபடுகிறது, கை எங்கே சோர்கிறது, மேகசின் பொத்தான் விரலுக்கு எட்டுகிறதா என்பதெல்லாம் வெளிப்படும். வாங்கிய பிறகும் ஆயிரம் தோட்டாப் பெட்டியை உடனே சுமந்துவர வேண்டாம். 115, 124, 147 கிரெயினில் ஒவ்வொரு பெட்டி எடுத்து, 25 கெஜத்தில் பெஞ்சில் தாங்கி வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து குண்டுகளாகச் சில கூட்டங்கள் சுட்டு, எது நெருங்கி விழுகிறது, எது சிக்காமல் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே மாடலின் இரண்டு துப்பாக்கிகளே வேறு வேறு தோட்டாவை விரும்பும். உள்ளரங்கில் சுடுபவர் தோட்டாவைக் காந்தத்தில் ஒட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. எஃகு கலந்த குண்டைப் பல தளங்கள் வாசலிலேயே காந்தம் வைத்துச் சோதித்துத் திருப்பி அனுப்பிவிடும்.